காதில் கேட்கும் இரைச்சல்: எத்தனை வகை, எதனால் வருகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. உங்களுக்குச் சில மாதங்களாக இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற மெல்லிய ஓசை ஓயாமல் கேட்கிறது. உங்கள் தங்கைக்கு வலது காதில் மட்டும், நாடி துடிக்கும் போதெல்லாம் 'உஸ்... உஸ்...' என்று கேட்கிறது. அவருக்கு அடிக்கடி தலைவலியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறுதானா, எதனால் வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர்கள் இரண்டையும் டின்னிடஸ் என்றே குறிப்பிட்டாலும், அவை பிறக்கும் இடங்கள் வேறு, செய்ய வேண்டிய பரிசோதனைகளும் வேறு. உங்களைவிட உங்கள் தங்கைதான் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

டின்னிடஸ் தனியொரு நோயன்று, ஓர் அறிகுறி. வெளியே ஒலியெழுப்பும் பொருள் எதுவும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்டால் அதற்கு இந்தப் பெயர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், வயது வந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 14 பேருக்கு இந்த அனுபவம் இருக்கிறது. கடுமையான பாதிப்பு 100க்கு 2 பேர் அளவில் இருக்கிறது. மிக அமைதியான இடத்தில் லேசாக ஏதோ கேட்பது இயல்பானதே. ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1953இல் வெளியிட்ட ஆய்வில், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் ஓசை கேட்டதாகச் சொன்னார்கள். அதேபோல, திடீரென்று ஒரு காது அடைத்தாற்போலாகி, 'ஙொய்' என்ற ஒலி சில நொடிகள் கேட்டு மறைவதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எப்போதாவது நேர்வதுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

நோயாளிக்கு மட்டுமே கேட்பது, பரிசோதிப்பவருக்கும் கேட்கக்கூடியது என்று டின்னிடஸை இரண்டாகப் பிரிப்பது மருத்துவ நூல்களின் வழக்கம். இரண்டாவது வகை மிகவும் அரிது. இந்தப் பிரிவினை சரியானதே என்றாலும், காரணத்தைத் தேடும்போது அதைவிடப் பயனுள்ள கேள்விகள் சில உள்ளன. ஒலி நாடித்துடிப்போடு சேர்ந்து வருகிறதா, ஒரு காதிலா இரண்டிலுமா, தொடர்ந்து ஒலிக்கிறதா விட்டுவிட்டுச் சொடுக்குவது போல வருகிறதா, தாடையையோ கழுத்தையோ அசைத்தால் மாறுகிறதா, கேட்கும் திறனும் அதனுடன் குறைந்திருக்கிறதா என்பவையே அவை. அனுபவமுள்ள மருத்துவர் கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாதி வழியைக் கடந்துவிடுவார்.

முதலில் உங்களுடைய வகையை எடுத்துக்கொள்வோம். நாடித்துடிப்போடு தொடர்பில்லாமல், சில்வண்டு போலவோ சீழ்க்கை போலவோ மின்கம்பியின் ரீங்காரம் போலவோ தொடர்ந்து கேட்பதுதான் மிகப் பெரும்பாலானவர்களுக்கு உள்ள டின்னிடஸ். அது காதில் கேட்பதாகத் தோன்றினாலும், அதை நிலைக்கச் செய்வது பெரும்பாலும் மூளையே. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றில் சுமார் 3,500 உள்வரிசைச் செல்கள் ஒலியைச் செவிநரம்புக்குச் சமிக்ஞையாக அனுப்புகின்றன; மற்றவை மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. காக்ளியாவின் அடிப்பகுதி உயர்ந்த சுருதிக்கும், உச்சிப்பகுதி தாழ்ந்த சுருதிக்கும் உரியவை. மனிதர்களுக்கு இந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வயது ஏறும்போதும், பேரொலியைத் தொடர்ந்து கேட்கும்போதும் முதலில் சிதைவது அடிப்பகுதியைச் சார்ந்த செல்களே.

அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய சமிக்ஞை குறைந்ததும், செவிநரம்பு சென்று சேரும் மூளைத்தண்டின் மையங்களும் அதற்கு மேலுள்ள செவிப்புலப் பகுதிகளும் தம் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. அப்போது, வெளியொலி எதுவும் இல்லாதபோதும் நரம்புகளில் இயல்பாகவே நடந்துகொண்டிருக்கும் சிறு துடிப்புகள் பெருக்கப்பட்டு, ஒலியாக உணரப்படுகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். கை, கால்களை இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பில் வலி தோன்றுவதோடு இதை ஒப்பிடுவார்கள். செவிநரம்பை அறுவை சிகிச்சையில் துண்டித்த பிறகும் பலருக்கு இரைச்சல் தொடர்ந்திருக்கிறது, சிலருக்குக் கூடியிருக்கிறது. காதே மூலமாக இருந்தால் இப்படி நடக்க வழியில்லை.

கேட்டல் பரிசோதனை அறையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஹெட்ஃபோன் வழியே ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டு, நோயாளி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லி வரைபடம் எடுப்பார்கள். நெடுங்காலம் இயந்திரச் சத்தத்திலோ வெடியோசையிலோ பணியாற்றியவர்களின் வரைபடத்தில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி, கோடு பள்ளமாக இறங்கி மறுபடி மேலேறும். அதன் பிறகு வெவ்வேறு சுருதிகளை ஒலிக்கவிட்டு, 'உங்கள் காதில் கேட்பது இதுவா?' என்று வினவினால், பலர் அந்தப் பள்ளம் இருக்கும் பகுதியிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் உரப்பையும் அளந்து பார்த்தால், அவர்களால் அந்தச் சுருதியில் கேட்க முடிந்த மிகக் குறைந்த அளவைவிடப் பெரும்பாலும் 10 டெசிபல்கூட அதிகம் இராது. இரவு முழுவதும் உறங்கவிடாத சத்தம் கருவியின் கணக்கில் ஒரு கிசுகிசுப்பை எட்டுவதில்லை என்பதைக் காட்டும்போது, நோயாளிகள் சற்று நேரம் பேசாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. அவர்களுடைய துன்பம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒலியின் அளவும் அது தரும் வேதனையும் ஒன்றாக உயர்ந்து தாழ்வதில்லை; அதற்கான விளக்கத்தைப் பிறகு தருகிறேன்.

கேட்டல் பரிசோதனை முற்றிலும் இயல்பாக இருந்தும் இரைச்சல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 'எல்லாம் நார்மல்' என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்படுவதால் மிகவும் மனம் நொந்துபோகிறவர்கள் இவர்களே. குஜாவா, லிபர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் எலிகளில் நடத்திய ஆய்வு இதற்குச் சாத்தியமான ஒரு விளக்கத்தைத் தந்தது. பேரொலிக்கு உட்பட்ட எலிகளின் கேட்கும் அளவு சில நாட்களில் பழைய நிலைக்கு மீண்டது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அச்செல்களையும் நரம்பையும் இணைக்கும் சந்திகளில் கணிசமான பகுதி நிலையாக அழிந்திருந்தது. வழக்கமான பரிசோதனை மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதை மட்டுமே அளப்பதால், இத்தகைய இழப்பு அதன் கண்ணில் படாது. மனிதர்களில் இது எந்த அளவுக்கு டின்னிடஸுக்குக் காரணமாகிறது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது. ஒலியின் அளவைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேற்பட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது.

வெளிச்செவியிலும் நடுச்செவியிலும் உள்ள காரணங்கள் எளியவை. பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. குறும்பி அடைத்துக்கொள்வது, செவிப்பறையில் ஓட்டை, நடுச்செவியில் நீர் தேங்குவது அல்லது சீழ் பிடிப்பது, நடுச்செவியிலுள்ள அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றில் வெளியொலி உள்ளே வருவது குறைவதால் உள்ளோசை மேலெழுகிறது. பஞ்சுக்குச்சியால் காதைக் குடைவது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்பதால், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

உட்செவி நோய்களில் மெனியேர் நோய்க்குத் தனித்த முகம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியேர் 1861இல் விவரித்த இந்த நோயில், உயர்ந்த சுருதிக்குப் பதிலாகக் கடலிரைச்சல் போன்ற தாழ்ந்த ஒலி கேட்கும். பெரும்பாலும் ஒரு காதில் அடைப்பு உணர்வும், ஏறி இறங்கும் செவிக்குறைவும், 20 நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை நீடிக்கும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்து போகும். தலைச்சுற்றல் இல்லாமல் ஒரு காதில் மட்டும் தொடர்ந்து இரைச்சலும், அந்தக் காதில் படிப்படியான செவிக்குறைவும், பேச்சு கேட்டாலும் சொற்கள் தெளிவாக விளங்காத நிலையும் இருந்தால், செவிநரம்பை ஒட்டி வளரும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற கட்டியை எம்.ஆர்.ஐ. மூலம் இல்லையென்று உறுதிசெய்து கொள்வார்கள். அது புற்றுநோயன்று, மிக மெதுவாக வளர்வது, அரிதானது. ஆயினும் ஒரு காது இரைச்சலை மருத்துவர்கள் இரு காது இரைச்சலைவிடக் கூடுதலாகக் கவனிப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

இரைச்சலோடு சேர்த்து ஒரு காதின் கேட்கும் திறன் மூன்று நாட்களுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், சட்டென்று குறைந்துபோனால் அது அவசரநிலை. காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்திருப்பதாக எண்ணி, சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று வாரக்கணக்கில் காத்திருந்து, கேட்கும் திறனை நிரந்தரமாக இழந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்படும் ஸ்டீராய்டு சிகிச்சையில்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மருந்துகளும் காரணமாகலாம். அதிக அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரின் இரைச்சலை உண்டாக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மலேரியாவுக்கான குயினினும் அப்படியே. ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற, பாக்டீரியாவைக் கொல்லும் ஊசிமருந்துகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் மயிர்ச்செல்களையே அழிக்கக்கூடியவை என்பதால் அவற்றின் விளைவு நிலைத்துவிடலாம். சிரை வழியே வேகமாகச் செலுத்தப்படும், சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் இப்பட்டியலில் சேரும். உயிர்காக்கத் தரப்படும் இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. இரைச்சல் தொடங்கியதை உடனே மருத்துவரிடம் சொன்னால், அளவை மாற்றவோ மாற்று மருந்து தரவோ அவர் முடிவு செய்வார்.

பல்லை இறுகக் கடித்தாலோ தாடையை முன்னே தள்ளினாலோ கழுத்தைத் திருப்பினாலோ உங்கள் இரைச்சலின் சுருதியோ உரப்போ மாறுகிறதா என்று ஒருமுறை கவனியுங்கள். முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் மூளைத்தண்டில் செவிநரம்பின் முதல் மையத்தோடு இணைகின்றன. ஆகவே தாடை மூட்டுக் கோளாறு, உறக்கத்தில் பல்லைக் கடித்தல், கழுத்துத் தசை இறுக்கம், கழுத்தில் பட்ட அடி ஆகியவை இரைச்சலைத் தூண்டவோ கூட்டவோ முடியும். இவ்வாறு மாறுவது டின்னிடஸ் உள்ள பலரிடம் காணப்படுவதால், மாறுகிறது என்பதை மட்டும் வைத்துத் தாடைதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. வாயைத் திறக்கும்போது வலி, காதுக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம், காலையில் தாடை இறுக்கம் ஆகியவையும் இருந்தால் பல் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் நாடுவதில் பொருளுண்டு.

இனி உங்கள் தங்கையின் வகைக்கு வருகிறேன். நாடியோடு இசைந்து ஒலிக்கும் டின்னிடஸில், பெரும்பாலும் உண்மையாகவே ஓர் ஒலி உடலுக்குள் பிறக்கிறது. காதை ஒட்டிச் செல்லும் தமனியிலோ சிரையிலோ இரத்தம் சுழித்து ஓடுவதால் எழும் ஓசை அது. இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. காதில் கேட்கும் தாளத்தை நோயாளி ஒரு விரலால் மேசையில் தட்ட வேண்டும். அதே நேரத்தில் மருத்துவர் அவருடைய மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகப் போனால் இரத்தக் குழாய்களின் பக்கம் தேட வேண்டும். தட்டுவது நாடியைவிட வேகமாகவோ ஒழுங்கற்றோ இருந்தால், காரணம் தசைகளில் இருக்கலாம்.

இரத்தக் குழாயில் குறையே இல்லாமல், இரத்தம் வேகமாக ஓடுவதாலேயே இவ்வாறு கேட்பதும் உண்டு. இரத்தச்சோகை, மிகைத் தைராய்டு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் நேர்வது இதுவே. எளிய இரத்தப் பரிசோதனைகளே முதல் இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். வயதானவர்களிடமும், இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் உள்ளவர்களிடமும் கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்து பாதை குறுகியிருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த மேடு ஒன்று தெரிந்தால், இரத்தக் குழாய்கள் நிறைந்த குளோமஸ் கட்டியாக அது இருக்கக்கூடும். மூளையுறையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும் கோளாறு அரிது; ஆனால் இரத்தக் கசிவுக்கு இட்டுச்செல்லக் கூடியது. காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சில வேளைகளில் மருத்துவருக்கே அந்த ஓசை கேட்கும்.

உங்கள் தங்கை இளம்வயதினர், அண்மையில் எடை கூடியவர், தலைவலியும் உள்ளவர் என்று எழுதியிருப்பதால், மண்டையோட்டுக்குள் நீரழுத்தம் காரணமின்றி உயரும் நிலையை முதலில் நினைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள, உடற்பருமன் கொண்ட பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. முகப்பருவுக்குத் தரப்படும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் வைட்டமின் ஏ சார்ந்த மருந்துகளும் இதைத் தூண்டக்கூடும். குனிந்து நிமிரும்போது பார்வை சில நொடிகள் மங்குவதும் இதன் அடையாளம். இதில் அஞ்ச வேண்டியது பார்வை நரம்பின் பாதிப்பையே. கவனிக்காமல் விட்டால் பார்வை நிலையாகக் குறைந்துவிடும். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாலே பார்வை நரம்பு முனை வீங்கியிருப்பது தெரிந்துவிடும். எடையைக் குறைப்பதும் அசெட்டசோலமைடு போன்ற மருந்தும் பெரும்பாலோருக்குப் பலனளிக்கின்றன. இத்தகைய சிரை சார்ந்த ஓசை, தலையை ஒரு பக்கம் திருப்பினாலோ, அந்தப் பக்கத்துக் கழுத்தை மென்மையாக அழுத்தினாலோ நின்றுவிடும். ஆனால் அழுத்திப் பார்ப்பதை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். கழுத்துத் தமனியை அழுத்துவது தீங்காகலாம்.

நாடியோடு சேராமல் 'டிக் டிக்' என்றோ சிறகடிப்பது போலவோ விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் நடுச்செவியின் நுண்தசைகளோ, வாயின் மேற்புறத்தில் பின்பகுதியிலுள்ள மென்னண்ணத் தசைகளோ தானாகத் துடிப்பதால் ஏற்படுவது. தட்டச்சு அடிப்பது போலப் படபடவென்று கேட்டால், இரத்தக் குழாய் ஒன்று செவிநரம்பை உரசுவது காரணமாக இருக்கலாம். கார்பமாசெபின் என்ற மருந்துக்கு இது கட்டுப்படுவதுண்டு. தன் மூச்சும் குரலும் காதுக்குள் முழங்கினால் நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேகியன் குழல் மூடாமல் திறந்தே இருக்கக்கூடும். லாய்ட் மைனர் என்ற அமெரிக்க மருத்துவர் 1998இல் விவரித்த ஒரு நிலையில், உடலின் சமநிலையை உணரும், உட்செவியின் மேல் அரைவட்டக் குழாயை மூடும் எலும்பில் துளை விழுந்து, கண்விழி அசைவதுகூட ஒலியாகக் கேட்கும். உரத்த ஒலியில் தலை சுற்றும். செவிக்குறைவு உள்ள முதியவர்களுக்குப் பழைய பாட்டோ இசையோ முழுமையாகக் கேட்பதும் உண்டு. தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து அவர்கள் வெளியே சொல்வதில்லை. பெரும்பாலும் இது மனநோயன்று. செவிப்புலன் வறண்ட மூளை தன் நினைவிலிருந்து ஒலியை எழுப்பிக்கொள்வதே என்பதை அவர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மன அழுத்தமும் உறக்கக் குறைவும் இரைச்சலைத் தனியே உண்டாக்குவதைக் காட்டிலும், இருக்கும் இரைச்சலைத் தாங்கமுடியாததாக ஆக்குவதே அதிகம். பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் 1990இல் முன்வைத்த விளக்கத்தின்படி, மூளை அந்த ஒலியை ஆபத்தின் அடையாளமாகக் கருதத் தொடங்கும்போது, உணர்ச்சிக்கும் அச்சத்துக்கும் உரிய பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அச்சம் கவனத்தை ஒலியின்மேல் குவிக்கிறது, குவிந்த கவனம் ஒலியை மேலும் பெரிதாக்குகிறது. 10 டெசிபலுக்கும் குறைந்த ஓசை ஒருவரை வாட்டுவதும் அதே அளவு ஓசையை இன்னொருவர் மறந்தே இருப்பதும் இதனால்தான். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இவ்விடத்தில் உறுதியான சான்றுகள் உள்ளன. செவிக்குறைவு இருந்தால் காது கேட்கும் கருவி உதவுகிறது. அமைதியான இரவில் மெல்லிய பின்னணி ஒலியும் உதவுகிறது. ஜிங்கோ, துத்தநாகம் முதலிய சத்துமாத்திரைகளை டின்னிடஸுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி சொல்கிறது. இரைச்சலை அடியோடு அகற்றுவதாக விளம்பரம் செய்யப்படும் எதற்கும் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நானும் அழுத்திச் சொல்வேன்.

உங்களுக்கு இரண்டு காதிலும் சமமாக, தலைச்சுற்றல் இன்றி, மாதக்கணக்கில் மாறாமல் இருப்பதால் அவசரம் எதுவும் தெரியவில்லை. காதைப் பார்த்துக் குறும்பி இல்லையென்று உறுதிசெய்துவிட்டு, முழுமையான கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், ஹெட்ஃபோனிலோ பணியிடத்திலோ எவ்வளவு சத்தத்தில் எத்தனை மணி நேரம் கழிகிறது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இடையில் ஒரு காது திடீரென மந்தமானாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலைச்சுற்றல் தொடங்கினாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு மனம் சோர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் தங்கை இந்த வாரமே கண் மருத்துவரிடம் பார்வை நரம்பைப் பார்த்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாடியோடு கேட்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வெறுமனே 'காதில் சத்தம்' என்று மட்டும் சொன்னால், தேவையான இரத்தக் குழாய் ஸ்கேன் தள்ளிப்போகக்கூடும்.